அத்தியாயம் 7: சர்வரா, ஒர்க்ஸ்டேஷனா?

பழைய சர்வர் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கிப் போட்டால் டிசைன் வேலை பறக்குமா? பிள்ளையார்பாளையத்திலும் சின்ன காஞ்சிபுரத்திலும் வீட்டிலிருந்தே பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவர்கள், கம்ப்யூட்டர் மாற்றும் நேரம் வந்தால் இதைத்தான் கேட்கிறார்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். மேசையில் உட்கார்ந்து படம் வரைகிற வேலைக்குச் சர்வர் வேண்டாம். ஒர்க்ஸ்டேஷன் வாங்கலாம், பலருக்கு அதுகூடத் தேவைப்படாது. சர்வருக்கும் ஒரு வேலை உண்டு, ஆனால் அது வரைகிற வேலை இல்லை. ஏன் என்பதைச் சொல்வதற்குத்தான் இந்த அத்தியாயம்.

முதலில் வேலை எவ்வளவு கனம் என்று பாருங்கள்

'கிராபிக்ஸ் வேலை' என்று கடையில் சொன்னதுமே விலை ஏறிவிடும். ஆனால் நம் ஊரில் அந்தப் பெயரில் நடப்பது ஒரே வேலை அல்ல. நான்கைந்து வேலைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் பசியும் வேறு.

கிராஃப் போடுவதை எடுத்துக்கொள்வோம். ஜக்கார்டு அட்டையில் ஓர் இடத்தில் ஓட்டை இருக்கும் அல்லது இருக்காது. 1804-ல் ஜோசப் மரீ ஜக்கார்டு காட்டிய வழி அதுதான். இன்றைக்கும் தறிக்கு மேலே தொங்குகிற அட்டைக்கு அதே கணக்குதான். 480 ஹூக் பெட்டி, 2,400 அட்டை ஓடுகிற ஒரு முந்தி என்று வையுங்கள். மொத்தம் 11,52,000 கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு பிட் என்றால் 144 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படம் பெரும்பாலும் இதைவிடப் பெரியது. வண்ணங்களோடு பிஎம்பி ஃபைலாக வைத்தாலும் ஒரு எம்பியைச் சற்றே தாண்டும். பத்து வருஷத்துப் பழைய கம்ப்யூட்டரும் இதை மூச்சுவிடாமல் செய்யும். மத்திய அரசின் டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் கைத்தறிக்கென்றே உருவாக்கி இலவசமாகத் தரும் டிஜிபுனாய் மென்பொருளை ஓட்டவும் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். உங்கள் வேலை கிராஃப் போட்டு அட்டை அடிக்கக் கொடுப்பதோடு முடிகிறது என்றால், இந்த அத்தியாயத்தை இங்கேயே மூடிவிட்டு, மிச்சப்படும் பணத்தில் நல்ல மானிட்டர் ஒன்று வாங்குங்கள். அதை எப்படிப் பார்த்து வாங்குவது என்று பின்னால் வருகிறது.

கனம் ஆரம்பிப்பது பழைய புடவையை ஸ்கேன் செய்யும்போது. ஜக்கார்டு வருவதற்கு முன் அடை கட்டி நெய்த பாட்டி காலத்துப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்து, 'இதே பேட்டு, இதே முந்தி வேணும்' என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் இப்போது நிறைய. கரையை ஏ4 ஸ்கேனரில் 600 டிபிஐ-யில் எடுத்தால் ஒரு பக்கத்துக்கு 4,960-க்கு 7,016 புள்ளிகள். நினைவகத்தில் அது 100 எம்பியைத் தொடும். அப்படிப் பத்துப் பதினைந்து துண்டுகளை ஒட்டிச் சேர்க்க வேண்டும். முழுப் புடவையையே ஒரே படமாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் கணக்கு வேறு திசையில் போகிறது. ஐந்தரை மீட்டர் நீளம், 48 அங்குல அகலம், 300 டிபிஐ என்றால் ஏறக்குறைய 65,000-க்கு 14,400 புள்ளிகள். ஒரு லேயர் மட்டும் 2.8 ஜிபி. ஃபோட்டோஷாப்பின் வழக்கமான பிஎஸ்டி ஃபைல் 30,000 புள்ளிகளுக்கு மேல் நீளாது, பிஎஸ்பி வடிவில்தான் சேமிக்க முடியும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு நாள் முழுக்க ஒட்டிவிட்டு, சேமிக்கும் நேரத்தில் விழிப்பவர்கள் உண்டு. உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கு இரண்டு, முந்திக்கு ஒன்று, புட்டாவுக்கு ஒன்று என்று ஐந்து லேயர் போட்டால் 14 ஜிபி. 16 பிட் வண்ணத்துக்கு மாறினால் அதுவும் இரட்டிப்பு. 16 ஜிபி ரேம் வைத்திருப்பவரின் கம்ப்யூட்டர் இங்கேதான் உறைந்து நிற்கும். அவர் பழியைப் பிராசசர் மேல் போடுவார். பற்றாமல் போனது ரேம்.

அடுத்தது, புடவையை நெய்வதற்கு முன்பே ஒரு பெண் கட்டிக்கொண்டு நிற்பதுபோல் காட்டுவது. பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளில் மடிப்பு விழ வைத்து ரெண்டர் செய்கிறார்கள். ஒரு முகூர்த்தப் புடவைக்குப் பாவு போட்டு, கோர்வைக்கு ஆள் பிடித்து நெய்து முடிக்கப் பல நாள் ஆகும் என்பதால், முன்கூட்டியே படம் காட்டி ஆர்டர் உறுதி செய்வது நல்ல பழக்கம். இந்த வேலை பிராசசரை விட கிராபிக்ஸ் கார்டைத்தான் கேட்கும், அதிலும் கார்டில் இருக்கும் நினைவகத்தை. காட்சி முழுவதும் கார்டின் நினைவகத்துக்குள் அடங்கினால்தான் ரெண்டர் வேகமாக ஓடும். 8 ஜிபி ஆரம்பத்துக்குப் போதும், 12 ஜிபி இருந்தால் நிம்மதி.

கோயில் சிற்பத்திலிருந்து உருவம் எடுப்பதும் கனமான வேலைதான். யாளி, இருதலைப்பட்சி, அன்னம், கோபுரம் எல்லாம் காஞ்சிப் புடவையில் காலங்காலமாக இருப்பவை. வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தின் தூண் ஒன்றைச் சுற்றி நூறு இருநூறு படம் எடுத்து, அதை முப்பரிமாணமாகக் கோத்து, வேண்டிய கோணத்தில் திருப்பி கோட்டுருவம் வரைகிறார்கள் இளையவர்கள். மெஷ்ரூம் போன்ற இலவச மென்பொருள் இதற்கு உண்டு; விவரம் குறையாமல் எடுக்க என்விடியா கார்டு இருப்பது நல்லது. (தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள கைலாசநாதர் கோயிலில் முக்காலி வைத்துப் படமெடுப்பதற்கு முன் அனுமதி வேண்டும். கோயிலுக்குப் போய் வாக்குவாதம் செய்யாதீர்கள்.)

கடைசியாக வீடியோ. இன்றைக்குப் புடவை விற்பது பாதி போன் திரையில் என்பதால் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஏஐ-யிடம் கேட்டு மோட்டிஃப் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அதை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓட்ட வேண்டுமென்றால் மறுபடியும் கிராபிக்ஸ் கார்டின் நினைவகம்தான் பேசும். ஆனால் அப்படி வரும் படம் நெய்யக்கூடிய படம் அல்ல. புடவையின் பின்பக்கம் எங்கும் கட்டில்லாமல் ஜரிகை எவ்வளவு நீளம் ஓடலாம் என்பது அந்தப் படத்துக்குத் தெரியாது. கிராஃபை நீங்கள்தான் போட வேண்டும்.

சர்வர் என்று காட்டப்படும் பெட்டி

சென்னை ரிச்சி தெருவில் நிறுவனங்கள் கழித்துப்போட்ட சர்வர்கள் குவிந்து கிடக்கும். டெல் பவர்எட்ஜ் ஆர்720, எச்பி புரோலயன்ட் டிஎல்380 இரண்டும் அடிக்கடி கண்ணில் படும். காகிதத்தில் பார்த்தால் ஆசை வரும். இரண்டு ஜியான் பிராசசர், 128 ஜிபி ரேம், வரிசையாக டிஸ்க் மாட்டும் இடங்கள், இரண்டு பவர் சப்ளை. அதே விலைக்குப் புதுக் கம்ப்யூட்டர் சுமாராகத்தான் வரும்.

கடைப் பேச்சு இப்படித்தான் போகும்:

"அண்ணா, கண்ணை மூடிக்கிட்டு எடுங்க. பதினாறு கோர். உங்க டிசைன் எல்லாம் இதுக்கு ஜுஜுபி."

"சரி தம்பி, மானிட்டர் எங்க மாட்டறது?"

"பின்னாடி விஜிஏ இருக்குண்ணா."

அந்த விஜிஏ-விலேயே கதை முடிந்துவிடுகிறது. இந்த வகை சர்வர்களின் போர்டில் இருக்கும் காட்சிச் சில்லு மேட்ராக்ஸ் ஜி200 வகையைச் சேர்ந்தது. 16 எம்பி அளவு நினைவகத்தோடு, சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் எப்போதாவது வந்து கருப்புத் திரையில் நாலு வரி தட்டுவதற்காக வைத்தது. அதில் புடவை டிசைன் பார்க்க முடியாது.

'தனி கிராபிக்ஸ் கார்டு போட்டுக்கலாம்' என்பது அடுத்த பதில். போடலாம். ஆனால் பெட்டியின் உயரம் 9 சென்டிமீட்டருக்கும் குறைவு. கார்டு ரைசரில் படுத்துக்கொண்டுதான் உட்காரும். பருமனான கார்டு நுழையாது. கார்டுக்குத் தனி மின்கம்பி வேண்டும், அது அந்த மாடலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். தயாரிப்பாளர் பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் சில சர்வர்கள் எல்லா விசிறிகளையும் உச்சத்தில் ஓட விட்டுவிடும். சர்வருக்கென்றே வந்த டெஸ்லா கார்டை வாங்கலாமா என்றால், அவற்றில் பலவற்றுக்கு மானிட்டர் மாட்டும் துளையே கிடையாது. சொந்த விசிறியும் இருக்காது.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்குச் சத்தம் ஒரு பொருட்டா என்று கேட்பார்கள். தறிக்கு ஒரு தாளம் உண்டு, நெய்கிறவர் காலை எடுத்தால் அதுவும் நின்றுவிடும். சர்வர் விசிறியின் கீச்சு ராத்திரி பகல் நிற்காது. சுவரோடு சுவர் ஒட்டிய நம் தெரு வீடுகளில் மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மாமி வந்து கேட்பார்.

கோர் எண்ணிக்கை பற்றிய மயக்கமும் தெளிய வேண்டும். 2.6 கிகாஹெர்ட்ஸில் ஓடும் எட்டுக் கோர் இரண்டு என்பது, நூறு பேர் ஒரே நேரத்தில் கேள்வி கேட்கும் அலுவலகத்துக்குச் செய்தது. நீங்கள் ஒருவர். பிரஷ்ஷை இழுக்கும்போதும், மோட்டிஃபைத் திருப்பும்போதும், லேயரை நகர்த்தும்போதும் பெரும்பாலும் ஒன்றிரண்டு கோர்தான் உழைக்கும். அந்தக் கோர் எவ்வளவு வேகம் என்பதே உங்களுக்கு முக்கியம். முப்பரிமாண ரெண்டரைப் பிராசசரில் ஓட்டினால் எல்லாக் கோரும் வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் அந்த வேலையை நடுத்தரமான கிராபிக்ஸ் கார்டு ஒன்று அதைவிடச் சீக்கிரம் முடித்துவிடும்.

இன்னொரு சங்கடம் மென்பொருளில். நெசவு டிசைன் மென்பொருள் பலவற்றுக்கு யூஎஸ்பி டாங்கிள் இருக்கும். சர்வரை உள்ளறையில் வைத்துவிட்டு நெட்வொர்க் வழியாக வேறொரு திரையில் வேலை பார்க்கலாம் என்று திட்டம் போடுவோருக்கு இந்த டாங்கிள் முதலில் தகராறு செய்யும். பிறகு ஸ்டைலஸ் பேனா அரை நொடி பின்தங்கி வரும். மெல்லிய கொடியைக் கையால் வரைகிறவர் அந்த அரை நொடியைத் தாங்க மாட்டார்.

மின்சாரக் கணக்கு

சும்மா நிற்கும்போதே 150 வாட் இழுக்கும் சர்வரை ராப்பகலாக ஓட விட்டால் இரண்டு மாதத்துக்கு 216 யூனிட். அதே 150 வாட் சராசரியில் ஒர்க்ஸ்டேஷனை ஒரு நாளைக்கு 8 மணி நேரம், இரண்டு மாதத்தில் 50 நாள் ஓட்டினால் 60 யூனிட். வீட்டு இணைப்பில் இருமாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லாருக்கும் தெரியும். மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுகளின் கட்டணமும் ஏறிவிடும் என்பது பில் வந்த பிறகுதான் பலருக்கு உறைக்கிறது. ஏசி ஓடும் வீட்டில் சர்வரின் 216 யூனிட் அந்தக் கோட்டைத் தாண்டித் தள்ளிவிடப் போதும். மலிவாக வாங்கியதை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தவணை கட்டுவது போலத்தான் ஆகும்.

இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. உள்ளே போகும் காற்று 35 டிகிரி வரை இருக்கலாம் என்று இந்தக் கருவிகளுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாக எழுதுகிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் காஞ்சிபுரத்து அறை அதைத் தாண்டும். இது ஒர்க்ஸ்டேஷனுக்கும் பொருந்தும், ஆனால் அதை மத்தியானம் அணைத்து வைக்கலாம்.

ஒர்க்ஸ்டேஷன் என்றால்

வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண டவர் கம்ப்யூட்டர் போலத்தான் இருக்கும். உள்ளேதான் வித்தியாசம். பருமனான கிராபிக்ஸ் கார்டை முழு அளவில் மாட்ட இடமும் அதற்கான மின்கம்பியும் இருக்கும். ரேம் போட எட்டு இடம் இருக்கலாம். பெரிய விசிறி மெதுவாகச் சுற்றுவதால் சத்தம் குறைவு. தவறு திருத்தும் இசிசி நினைவகமும் உண்டு. சர்வருக்கு ஆதரவாகச் சொல்லப்படும் இசிசி வாதம் இதோடு அடிபட்டுப் போகிறது. நினைவகத்தில் ஒரு பிட் புரண்டால் ஓர் அட்டையில் ஒரு ஹூக் தவறாகத் தூக்கும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். கிராஃபைச் சரிபார்க்காமல் அட்டை அடிக்கக் கொடுக்கிறவர் யார்?

ரிச்சி தெருவில் பழையதாகக் கிடைப்பவற்றில் எச்பி இசட்440, டெல் பிரிசிஷன் டி5810 இரண்டும் தெரிந்த பெயர்கள். 2014 வாக்கில் வந்த இந்த வரிசையில் ஆறு கோர், 3.5 கிகாஹெர்ட்ஸ் ஜியான் இ5-1650 வி3 இருக்கும் பெட்டி, மேலே சொன்ன எட்டுக் கோர் சர்வர் பிராசசரை விட வரைகிற வேலையில் சுறுசுறுப்பாக நடந்துகொள்ளும். சர்வரிலிருந்து கழற்றி மலிவாக விற்கும் டிடிஆர்4 ரெஜிஸ்டர்டு ரேம் இசட்440-ல் வேலை செய்யும். 64 ஜிபி போடுவது பெரிய செலவில்லை. அதே ரேமை வாங்கிச் சாதாரண டெஸ்க்டாப்பில் மாட்டப் பார்க்காதீர்கள், ஏற்றுக்கொள்ளாது.

இதன் குறையையும் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு முடித்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு அது ஏற்றுக்கொண்ட பட்டியலில் இந்த இ5 ஜியான்கள் இல்லை. பழைய சர்வர்களுக்கும் அதே கதைதான். குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறோம் என்று கடைக்காரர் சொல்வார், ஏற்றியும் தருவார். நாளை ஒரு அப்டேட்டில் நின்றுபோனால் அவர் வர மாட்டார். முறையாக விண்டோஸ் 11 வேண்டுமென்றால் ஜியான் டபிள்யூ பிராசசர் உள்ள எச்பி இசட்4 ஜி4 போன்ற அடுத்த தலைமுறையைப் பாருங்கள். லினக்ஸில் வேலை செய்யத் தெரிந்தவருக்கு இந்தக் கவலை இல்லை. பிளெண்டர், கிம்ப், கிரிட்டா, இங்க்ஸ்கேப் எல்லாம் அதில் ஓடும்.

பவர் சப்ளையைக் கவனியுங்கள். ஒர்க்ஸ்டேஷன்களில் அது பெரும்பாலும் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவம். எரிந்து போனால் காந்தி ரோட்டுக் கம்ப்யூட்டர் கடையில் மாற்று கிடைக்காது, சென்னைக்குத்தான் ஓட வேண்டும். வாங்கும் அன்றைக்கே இன்னொன்று விலை கேட்டு வையுங்கள்.

மூன்றாவது ஆளும் போட்டியில் இருக்கிறார்

சர்வரா ஒர்க்ஸ்டேஷனா என்று இரண்டையே பார்த்துக்கொண்டிருந்தால் நடுவில் நிற்கும் சாதாரண புது டெஸ்க்டாப் கண்ணில் படாமல் போகும். 12-ஆம் தலைமுறை ஐ5 ஒன்று, ஒற்றைக் கோர் வேகத்தில் அந்த 2014 ஜியானைத் தாராளமாக மிஞ்சும், மின்சாரமும் குறைவாகத் தின்னும். 64 ஜிபி ரேமும் ஏற்கும். வீடியோ வெட்டுகிறவர்களுக்கு இன்னொரு வசதி. இப்போதைய போன்கள் பல ஹெச்இவிசி வடிவில் வீடியோ பதிகின்றன. காட்சிச் சில்லோடு வரும் இன்டெல் பிராசசர் அதைத் தானே பிரித்துக் காட்டும். இ5 ஜியானில் அந்தச் சில்லு இல்லை, அதற்குத் தக்க கிராபிக்ஸ் கார்டு இருந்தாக வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது. கிராஃப், ஸ்கேன், வீடியோ என்று போகிறவர் 32 அல்லது 64 ஜிபி ரேமோடு புது டெஸ்க்டாப் வாங்கட்டும். முப்பரிமாணம், தூண் சிற்பம், ஏஐ என்று இறங்குகிறவர், பெரிய ஸ்கேன்களை நாள் முழுக்கத் திறந்து வைத்திருக்கிறவர் ஒர்க்ஸ்டேஷன் வாங்கட்டும். காசு கொஞ்சம் கொஞ்சமாக வருகிறதென்றால் முதலில் ரேம், பிறகு நல்ல எஸ்எஸ்டி, பிறகு மானிட்டர், கடைசியில்தான் கிராபிக்ஸ் கார்டு. முப்பரிமாணம் செய்கிறவர் மட்டும் கார்டை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம்.

மானிட்டரை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன் என்றேன். 480 ஹூக் கிராஃபை ஒரு கட்டத்துக்கு நான்கு புள்ளி வைத்துக் காட்டினால் அகலம் 1,920. சாதாரண ஃபுல் எச்டி திரை அதோடு நிரம்பிவிடும், டூல் பட்டைக்கு இடம் இருக்காது. 2,560 புள்ளி அகலமுள்ள 27 அங்குலத் திரையில் கட்டத்துக்கு ஐந்து புள்ளி வைத்தாலும் பக்கத்தில் 160 புள்ளி மிச்சம். ஐபிஎஸ் திரையாக இருக்கட்டும், நிறத்தை வருஷத்துக்கு ஒரு முறையாவது கருவி வைத்துச் சரிசெய்யுங்கள். ஆனாலும் திரை ஓரளவுக்குத்தான். மயில் கழுத்து நிறத்தில் பாவு ஒரு வண்ணம், ஊடை ஒரு வண்ணம். நகர்த்தினால் மாறும் அந்த மினுக்கை எந்தத் திரையும் காட்டாது. ஜரிகையும் அப்படியே. அரக்கு, எம்.எஸ். புளூ, மாம்பழ மஞ்சள் என்று வாடிக்கையாளர் கேட்டால் சாயம் போட்ட பட்டு நூலின் துண்டைக் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். இதற்குச் செலவே இல்லை.

எங்கே வைப்பது

தறி இருக்கும் அறையில் வேண்டாம். பட்டுப் பஞ்சு விசிறியில் ஒட்டும் என்பது தெரிந்த விஷயம். தெரியாதது ஜரிகை. அசல் ஜரிகை என்பது பட்டு இழையின் மேல் சுற்றிய வெள்ளிக் கம்பி. அது மின்சாரம் கடத்தும். வெட்டிப்போட்ட பொடித் துணுக்கு ஒன்று காற்றோடு உள்ளே போய் போர்டின் மேல் உட்கார்ந்தால் ஷார்ட் ஆகலாம். காற்று நுழையும் பக்கத்துக்குத் தூசி வடிகட்டி போடுங்கள், மாதம் ஒரு முறை கழற்றி ஊதுங்கள். தரையில் வைக்காதீர்கள். 2015 வெள்ளத்தில் இந்த மாவட்டம் பட்ட பாடு மறந்திருக்காது. மேசை உயரத்துக்கு ஒரு பலகை அடித்து வைத்தால் போதும்.

வீட்டு இன்வெர்ட்டரை நம்பி நேராக மாட்டாதீர்கள். இப்போதைய பவர் சப்ளைகள் சதுர அலை மின்சாரத்தில் சில நேரம் முரண்டு பிடிக்கும். சைன் அலை தரும் யூபிஎஸ் கேட்டு வாங்குங்கள். ஃபைலைச் சேமித்து அணைக்கப் பத்து நிமிஷம் கிடைத்தால் போதும்.

சர்வர் எப்போது வேண்டும்

வீட்டில் இரண்டு மூன்று பேர் டிசைன் போடுகிறீர்கள், ஒரே மோட்டிஃப் தொகுப்பை எல்லாரும் எடுத்தாள்கிறீர்கள், பழைய ஸ்கேன்கள் பல டெராபைட் சேர்ந்துவிட்டன என்றால் ஃபைல்களைக் காக்கும் தனிப் பெட்டி ஒன்று வேண்டும். அந்த வேலையும் ஒருவகைச் சர்வர் வேலைதான். அதற்கும் அந்த முக்கால் மீட்டர் நீளப் பெட்டி தேவையில்லை. டிஸ்க் எல்லாம் மாட்டினால் 30 கிலோ வரும் அதை ரயிலில் தூக்கி வருவதே ஒரு பாடு. இரண்டு டிஸ்க் போடும் சிறிய என்ஏஎஸ் பெட்டி போதும். அல்லது நீங்கள் இப்போது மாற்றப் போகும் பழைய கம்ப்யூட்டரையே டிஸ்க் சேர்த்து அதற்கு ஒதுக்கலாம். பழைய சர்வரிலிருந்து மலிவாக வரும் டிஸ்க்குகள் எஸ்ஏஎஸ் வகையாக இருந்தால் சாதாரண போர்டில் பொருந்தாது, பார்த்து வாங்குங்கள்.

இரண்டு டிஸ்க்கிலும் ஒரே ஃபைல் விழுவதால் காப்பு எடுத்தாயிற்று என்று நினைத்துவிடாதீர்கள். தவறி அழித்தால் இரண்டிலும் சேர்ந்துதான் அழியும். மூன்றாவது நகல் ஒன்று வெளி டிஸ்க்கில், வேறு வீட்டில் இருக்கட்டும், அக்கா வீட்டு பீரோவில் இருந்தாலும் சரி. பல வருஷத்து மோட்டிஃப்தான் உங்கள் சொத்து. பெட்டி போனால் வாங்கிக்கொள்ளலாம்.

வாங்கும் நாள்

பழையது வாங்குவதென்றால் ஜிஎஸ்டி பில்லும் எழுத்தில் வாரண்டியும் கேளுங்கள். எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டுப் பாருங்கள். மூடியைத் திறக்கச் சொல்லி, கிராபிக்ஸ் கார்டுக்கான ஆறு பின் அல்லது எட்டு பின் மின்கம்பி இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். எதை வாங்குவது என்று முடிவாகாவிட்டால், காஞ்சிபுரத்திலேயே இருக்கும் மத்திய அரசின் நெசவாளர் சேவை மையத்துக்குப் போய் அங்கே டிசைன் போடுகிறவர்களிடம் எந்த மென்பொருள், எவ்வளவு ரேம் என்று கேட்டுவிட்டுச் சென்னைக்குப் பஸ் ஏறுங்கள்.

போகும்போது உங்களிடம் இருப்பதிலேயே கனமான ஃபைலை ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். காசு கொடுக்கும் முன் அதை அந்தப் பெட்டியில் திறக்கச் சொல்லி, ஒரு லேயரை நகர்த்தி, ஒரு மோட்டிஃபைத் திருப்பிப் பாருங்கள். திறந்து காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.